மறுப்பும் வரவேற்பும்: வில்கோ குழுவின் இசைத்தொகுப்பு ஒன்றின் விமரிசன வரலாறு

ஒரு கலைப்படைப்பின் வரலாறு அது ஆக்கப்பட்ட நாளோடு நிறைவுறுவதில்லை. ஆக்கியோன் கையினின்றும் நீங்கிய பின்னர் அதனைக் கேட்டோரும் மறுத்தோரும் போற்றியோரும் அதற்குப் பிறிதொரு வரலாற்றினை எழுதிச் செல்கின்றனர். இவ்விரண்டாவது வரலாறு முதலாவதினின்றும் வேறானது. சில வேளைகளில் அதனிலும் சிக்கலானது. இலக்கியத்தைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை நன்கு உணரப்பட்டுள்ளது. ஆனால் மேலைநாட்டு மக்களிசையாகிய ரொக் இசையினைப் பொறுத்தவரையில் விமரிசனம் என்பது வாங்குவோருக்கு வழிகாட்டும் விளம்பரத்தின் ஒரு கிளையாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளமையால், அங்கு ஏற்பின் வரலாறு போதிய கவனத்தைப் பெறவில்லை எனலாம்.

ரொக் இசையில் ஏற்பின் வழமையான கதை ஒன்றுண்டு. புறக்கணிக்கப்பட்ட படைப்பு பிற்காலத்தில் கண்டெடுக்கப்படுவதே அக்கதை. நியூயோர்க்கைச் சேர்ந்த வெல்வெற் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதலாவது இசைத்தட்டு 1967ஆம் ஆண்டு வெளிவந்தபோது ‘பில்போர்ட்’ விற்பனைப் பட்டியலில் 171ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 2003ஆம் ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை எல்லாக் காலத்துக்குமுரிய சிறந்த 500 இசைத்தட்டுகளை நிரற்படுத்தியபோது அதே தட்டு 13ஆம் இடத்தைப் பெற்றது. முன்னைய தலைமுறையின் காது கேளாததனைப் பின்னைய தலைமுறையின் காது கேட்டது என இதனை விளக்கிவிடலாம்.

சிக்காகோ நகரின் வில்கோ குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘யாங்கி ஹோட்டல் பொக்ஸ்ட்ரொட்’ என்னும் இசைத்தொகுப்பின் கதை இத்தகையதன்று. அது வெளிவருமுன்னரே மறுக்கப்பட்டது, வெளிவருமுன்னரே கேட்கப்பட்டது, வெளிவருமுன்னரே பாராட்டவும் பட்டது. ஒரு படைப்பினை மதிப்பிடும் உரிமை எவருக்குரியது என்னும் வினாவினை இத்தொகுப்பின் வரலாறு எழுப்புகின்றது. இசைக் கம்பனி, கேட்போர், விமரிசகர் ஆகிய மூன்று தரப்பினரும் வெவ்வேறு தருணங்களில் அவ்வுரிமையைக் கோரினர். இவர்களுள் எவர் முந்திக்கொண்டனர் என்பதும், அவ்வாறு முந்தியமை பிற்காலத் தீர்ப்பினை எவ்வாறு உருவாக்கிற்று என்பதும் ஆராயற்பாலன.

1. சுயாதீனம் என்னும் சொல்

வில்கோவினைச் ‘சுயாதீன ரொக்’ குழுவாக வகைப்படுத்துதல் வழக்கு. இச்சொல் முதலில் இசையின் பண்பினைக் குறிக்கவில்லை. உற்பத்தி உறவு ஒன்றினையே குறித்தது. 1977ஆம் ஆண்டு ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் சிறு தட்டினைத் தானே அமைத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டது. இலண்டனில் 1976இல் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய ரஃப் ட்ரேட் 1978இல் தட்டுகளை வெளியிடும் நிறுவனமாகவும் ஆயிற்று. அமெரிக்காவிலும் இதே காலப்பகுதியில் கலிபோர்னியாவில் எஸ்.எஸ்.ரி., வாஷிங்டனில் டிஸ்கோர்ட் முதலிய சிறு நிறுவனங்கள் தோன்றின. பெருங் கம்பனிகளின் முதலும் விநியோகமும் இன்றி இசையை வெளியிடுதல் இயலும் என்பதே இவை நிறுவிய உண்மை. 1980ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இத்தகைய நிறுவனங்களின் விற்பனைக்கெனத் தனிப்பட்டியல் ஒன்று வெளியிடப்படலாயிற்று. அதில் இடம்பெறுதற்குரிய தகுதி விநியோகத்தின் சுதந்திரமேயன்றி இசையின் வடிவமன்று.

1991ஆம் ஆண்டு நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ பெருங் கம்பனி ஒன்றின் வாயிலாக வெளிவந்து எவரும் எதிர்பாராத வெற்றி பெற்றதனைத் தொடர்ந்து நிலைமை மாறிற்று. சிறு நிறுவனங்களில் வளர்ந்த குழுக்களைப் பெருங் கம்பனிகள் தேடிச் சென்று ஒப்பந்தம் செய்தன. உற்பத்தி உறவினைக் குறித்த சொல் நாளடைவில் ஒரு மனப்பாங்கினையும் ஒலிப்பாணியினையும் குறிப்பதாயிற்று. பொருள் விலகிய பின்னரும் பெயர் நிலைத்தது.

வில்கோவின் பிறப்பு இம்மாற்றத்தின் நடுவே நிகழ்ந்தது. இலினோய் மாநிலத்தின் பெல்வில் என்னும் சிறு நகரில் ஜெஃப் ட்வீடி, ஜே ஃபரார் முதலியோர் 1987இல் அமைத்த அங்கிள் டுப்பெலோ குழு, அமெரிக்க நாட்டார் இசையினையும் பங்க் இசையின் வேகத்தினையும் இணைத்தது. அதன் முதலாவது தட்டு 1990இல் சிறு நிறுவனம் ஒன்றினால் வெளியிடப்பட்டது. 1994இல் ஃபரார் விலகியதால் அக்குழு கலைந்தது. எஞ்சியோரைக் கொண்டு ட்வீடி அமைத்ததே வில்கோ. வானொலித் தொடர்பாளரும் விமானிகளும் ‘இணங்கி நடப்பேன்’ என்னும் பொருளில் வழங்கும் சுருக்கச் சொல்லே குழுவின் பெயராயிற்று. இணங்கி நடக்க மறுத்தமையாலேயே அது வரலாற்றில் இடம்பெற நேர்ந்தது.

வோணர் இசை நிறுவனத்தின் கிளையான ரிப்ரைஸ் நிறுவனத்தின் வாயிலாக 1995, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் குழு தொகுப்புகளை வெளியிட்டது. இடையில் 1998இல் ஆங்கிலப் பாடகர் பில்லி பிராக்குடன் இணைந்து, மறைந்த மக்கட் பாடகர் வூடி கத்ரி இசையமைக்காது விட்டுச்சென்ற பாடல்களுக்கு இசையமைத்தது. இவற்றால் விமரிசகர் மத்தியில் மதிப்புக் கிட்டிற்று. பெரும் விற்பனை கிட்டவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டளவில் வில்கோ சுயாதீனக் குழுவெனப் பெயர்பெற்றதும், உலகின் மிகப்பெரிய ஊடக முதலீட்டுக்குக் கட்டுப்பட்டதுமான ஒரு குழுவாக விளங்கிற்று. பின்வந்த பிணக்குகள் யாவும் இம்முரண்பாட்டினின்றே தோன்றின.

2. கம்பனியின் தீர்ப்பு

2000ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் முற்பாதியிலும் சிக்காகோவிலுள்ள தமது சொந்த ஒலிப்பதிவுக் கூடத்திலேயே குழுவினர் புதிய தொகுப்பினை உருவாக்கினர். வாடகைக் கூடத்தின் மணிக்கணக்கு இல்லாமையால் ஒரே பாடலைப் பலவாறு பதிந்து, கலைத்து, மீண்டும் கட்டுதல் அவர்களுக்குச் சாத்தியமாயிற்று. கித்தார், பியானோ முதலியன வாசிப்பவரும் ஒலிப்பதிவில் தேர்ந்தவருமான ஜே பெனற் பெரும்பாலான பாடல்களை ட்வீடியுடன் சேர்ந்து ஆக்கினார். புதிதாக இணைந்த தாளவாத்தியக் கலைஞர் கிளென் கொச்சி வழமையான தாள அடுக்குகளைத் தவிர்த்து ஓசைகளின் பரப்பொன்றினை அமைத்தார். இறுதியில் ஒலிக்கலவையினைச் செப்பஞ்செய்த ஜிம் ஓறூர்க் பல அடுக்குகளைக் களைந்து பாடல்களுக்கிடையே வெளியினை ஏற்படுத்தினார்.

இவ்வாறு உருவான 11 பாடல்களின் அடிப்படை எளிமையானது. நாட்டார் இசையின் சுரக்கட்டினைக் கொண்ட இவற்றைத் தனியொரு கித்தாருடன் பாடிவிடலாம். ஆனால் அவ்வெளிமை நேரடியாக முன்வைக்கப்படவில்லை. ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் முதற்பாடலில் தாளம் தடுமாறுவது போலத் தோன்றி மெல்ல ஒன்றுசேர்கின்றது. வானொலி இரைச்சல் பாடல்களை இடைமறிக்கின்றது. தொகுப்பின் பெயரும் வானொலியினின்றே பெறப்பட்டது. சிற்றலை வரிசையில் எண்களையும் எழுத்துகளையும் ஓயாது வாசிக்கும் மர்ம நிலையங்களின் ஒலிப்பதிவுகளை இலண்டன் நிறுவனம் ஒன்று 1997இல் திரட்டி வெளியிட்டிருந்தது. உளவுச் சேவைகளின் மறைச்செய்திகள் என்று கருதப்படும் அவ்வொலிபரப்புகளுள் ஒன்றில் ஒரு பெண்குரல் மூன்று எழுத்துகளுக்குரிய வானொலிக் குறிச்சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றது. அக்குரல் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதியின்றி அதனைப் பயன்படுத்தியமை குறித்து எழுந்த வழக்கு 2004இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. செய்தி வந்து சேர்கின்றது, ஆயினும் பொருள் வந்து சேர்வதில்லை என்னும் தொடர்பின்மையே தொகுப்பு முழுவதிலும் இழையோடும் உணர்வு என்பதற்கு இக்குரல் சான்றாகும்.

இதே வேளையில் கம்பனிக்குள்ளேயும் பெருமாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அமெரிக்கா ஒன்லைன், டைம் வோணர் நிறுவனங்களின் இணைப்பு 2001ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவெய்திற்று. இணைப்பினைத் தொடர்ந்து செலவுக் குறைப்பு வந்தது. இசைப்பிரிவில் நூற்றுக்கணக்கானோர் பணியிழந்தனர். ரிப்ரைஸின் தலைவரும் குழுவின் ஆதரவாளருமான ஹோவி கிளைன் பதவியினின்றும் நீங்கினார். 2001ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிறைவுற்ற தொகுப்பினைக் குழு கையளித்தபோது அதனைக் கேட்டோர் புதியோர். அவர்களது அளவுகோலும் புதிது. வானொலியில் விற்பனைக்கு வழிகாட்டத்தக்க பாடல் எதனையும் அவர்கள் அதில் காணவில்லை. மாற்றங்கள் கோரப்பட்டன, குழு இணங்கவில்லை. ஈற்றில் ஒப்பந்தம் முடிவுற்றதுடன், பதிவுகளின் உரிமையுடன் குழு வெளியேற அனுமதிக்கப்பட்டது.

இம்மறுப்பினைச் சுவையுணர்வற்றோரின் செயலென விளக்குதல் எளிது; பிற்காலத்துப் பத்திரிகைகள் பலவும் அவ்வாறே விளக்கின. ஆயின் அது முழு உண்மையாகாது. ஒரு தொகுப்பின் செலவினை அடுத்த காலாண்டுக்குள் மீட்டாக வேண்டும் என்னும் நெருக்குதலுக்குட்பட்ட நிறுவனத்தின் நோக்கில் அத்தீர்ப்பு முரணற்றதே. குழுவொன்று மூன்று நான்கு தொகுப்புகளில் தன் கேட்போரை மெல்லத் திரட்டிக்கொள்ள அவகாசம் அளித்தல் ரிப்ரைஸின் முன்னைய மரபு. அம்மரபினைத் தாங்கிய பொருளாதார அடித்தளம் சிதைந்த வேளையில் தொகுப்பு கையளிக்கப்பட்டமையே வில்கோவின் அவப்பேறு. 

3. கேட்போரின் முந்துரிமை

மறுக்கப்பட்ட தொகுப்பு கணினி வலையில் கைமாறத் தொடங்கியிருந்தது. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் 2001ஆம் ஆண்டு யூலையில் தன் சேவையினை நிறுத்த நேர்ந்தபோதிலும் இசையினைக் கட்டணமின்றிப் பரிமாறும் வழக்கம் ஒழியவில்லை. பெருங் கம்பனிகள் இதனைக் களவெனக் கருதி நீதிமன்றங்களை நாடிக்கொண்டிருந்த வேளையில் வில்கோ எதிர்வழியினைத் தேர்ந்தது. 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆம் திகதி தொகுப்பு முழுவதனையும் எவரும் கட்டணமின்றிக் கேட்கத்தக்கதாகத் தன் சொந்த இணையத்தளத்தில் ஒலிக்கவிட்டது. அன்று ஒரு நாளில் மாத்திரம் 50,000க்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

இதன் வரலாற்று முக்கியத்துவம் விளம்பர உத்தி என்ற அளவில் அடங்குவதன்று. அதுவரை இசைத்தொகுப்பு கேட்போரைச் சென்றடையும் வழியில் விமரிசகர் ஒரு வாயிற்காவலராக நின்றார். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் கம்பனி அவருக்கு ஒரு பிரதி அனுப்பும். பொதுமக்கள் கேட்குமுன் கேட்டவர் என்பதே அவரது அதிகாரத்தின் ஊற்று. அந்த முந்துரிமை வில்கோ விடயத்தில் தலைகீழாயிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் குழு மேற்கொண்ட சுற்றுப்பயணத்தின்போது, கடைகளில் எங்கும் கிடைக்காத பாடல்களைச் சபையோர் சொல் பிறழாது உடன்பாடினர். பழந்தமிழ் நூலொன்று அவையோர் முன் அரங்கேறி அவர்தம் ஒப்புதலைப் பெற்ற பின்னரே நாட்டில் உலவும் என்பது மரபு. இங்கோ நாட்டில் உலவிய பின்னரே நூல் அவைக்கு வந்தது.

2001ஆம் ஆண்டு நவம்பரில் நன்சச் என்னும் நிறுவனம் தொகுப்பினை வெளியிட ஒப்பந்தம் செய்தது. 1964இல் செவ்வியல் இசையினை மலிவு விலையில் வழங்கும் நோக்குடன் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் உலகின் பல்வேறு இசைமரபுகளையும் பதிந்து வெளியிட்டு நன்மதிப்புப் பெற்றது. கருநாடக இசைவாணர் இராமநாதபுரம் கிருஷ்ணனின் வாய்ப்பாட்டினை 1960களில் மேலைநாட்டாருக்கு அறிமுகஞ்செய்த தட்டும் அதன் வெளியீடே. ஆயினும் நன்சச்சும் வோணர் நிறுவனத்தின் ஒரு கிளை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒரு கிளையின் செலவில் உருவாகி மறுக்கப்பட்ட தொகுப்பினை அதே தாய்நிறுவனத்தின் மற்றொரு கிளை பணங்கொடுத்துப் பெற்றது. முதலாளித்துவத்தைக் கலைஞன் வென்றான் எனப் பின்னர் பரவிய கதையினைச் சற்றே நிதானத்துடன் நோக்க வேண்டியமைக்கு இதனிலும் சிறந்த காரணம் வேண்டியதில்லை. 

4. காலம் எழுதிய உரை

தொகுப்பு முதலில் வெளிவர இருந்த நாள் 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11. நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்த்தப்பட்ட அதே நாள். இணையத்தளத்தில் அது ஒலித்தது அதற்கு ஒரு வாரத்தின் பின்னர். அட்டையிலே சிக்காகோவின் மெரீனா சிற்றி இரட்டைக் கோபுரங்களின் படம்; பாடல்களிலே உயர்ந்த கட்டடங்கள் அதிர்வது பற்றியும் அமெரிக்கக் கொடிகளின் சாம்பல் பற்றியும் போர் பற்றியுமான குறிப்புகள். இவை யாவும் அந்நிகழ்ச்சிக்குப் பல மாதங்கள் முன்னரே எழுதிப் பதியப்பட்டவை. ஆயினும் துயரில் ஆழ்ந்திருந்த ஒரு சமூகம் அவற்றைத் தன்னைப்பற்றிய பாடல்களாகவே கேட்டது.

இதனைத் தீர்க்கதரிசனம் எனக் கொள்ளுதல் ஆய்வுக்கு ஒவ்வாது. தற்செயல் என ஒதுக்கிவிடுதலும் போதாது. தொடர்பறுதல், நம்பிக்கையிழத்தல், நாட்டின் மீதுள்ள பற்றும் ஐயமும் ஒன்றாகக் கலந்த மனநிலை ஆகியன அத்தொகுப்பில் ஏலவே இருந்தன. அவை ட்வீடியின் தனிவாழ்வினின்றும் எழுந்தவை. 1990களின் இறுதியில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தினர் உணர்ந்த வெறுமையினின்றும் எழுந்தவை. நிகழ்ச்சி பாடல்களின் சொல்லை மாற்றவில்லை; சொல்லைக் கேட்கும் காதினை மாற்றியது. உரையாசிரியன் மூலத்தில் ஓரெழுத்தும் கூட்டாமல் அதன் பொருளை விரிப்பது போல, காலமும் இத்தொகுப்புக்கு ஓர் உரை எழுதிற்று. 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் திகதி தட்டு கடைகளுக்கு வந்தபோது விமரிசகர் மதிப்பிட்டது அவ்வுரையோடு கூடிய மூலத்தையே.

5. விமரிசகரின் தீர்ப்பு

வெளியீட்டை ஒட்டி எழுந்த மதிப்புரைகள் பெரும்பாலும் போற்றுரைகளாகவே அமைந்தன. சிக்காகோவினைத் தளமாகக் கொண்டு இணையத்தில் மாத்திரம் வெளிவந்த ‘பிச்ஃபோர்க்’ தொகுப்புக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளிகள் வழங்கிற்று. 1995இல் ஓர் இளைஞரின் தனிமுயற்சியாகத் தொடங்கிய அவ்வெளியீடு, புதிய தொகுப்பொன்றுக்கு முழுப்புள்ளி வழங்குதல் மிக அரிது. தசம புள்ளியுடன் கூடிய அதன் மதிப்பெண் முறை ஏளனத்துக்கும் ஆளானதுண்டு. ஆயினும் அடுத்து வந்த பத்தாண்டுகளில் ஒரு சிறு குழுவின் வாழ்வையும் வீழ்ச்சியையும் நிர்ணயிக்கும் வலிமையினை அது பெற்றது. அச்சுச் சஞ்சிகையின் கையிலிருந்த அதிகாரம் இணையத்தின் கைக்கு மாறிய வரலாற்றில் வில்கோ பற்றிய மதிப்புரைக்கும் ஓர் இடமுண்டு.

தனிப்பட்ட மதிப்புரைகளிலும் முக்கியமானது விமரிசகர் குழாத்தின் கூட்டுத் தீர்ப்பு. நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ வாரப்பத்திரிகை 1970களிலிருந்து நாடெங்கணுமுள்ள இசை விமரிசகர்களிடையே ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தி வந்தது. 2002ஆம் ஆண்டுக்கான வாக்கெடுப்பில் முதலிடம் இத்தொகுப்புக்கே கிடைத்தது. விற்பனையும் பொய்க்கவில்லை. முதல் வாரத்தில் ஏறத்தாழ 55,000 பிரதிகள் விற்பனையாகி ‘பில்போர்ட்’ பட்டியலில் 13ஆம் இடத்தைப் பெற்றது. நாளடைவில் 5 இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கத்தட்டுத் தகுதியினையும் எய்திற்று. அதுவரை குழு வெளியிட்ட எத்தொகுப்பும் பெறாத வெற்றி இது. விலையின்றிக் கேட்டோர் விலைகொடுத்து வாங்கமாட்டார் என்னும் கம்பனிகளின் வாதத்துக்கு இவ்வெண்ணிக்கையினும் தெளிவான மறுப்பு அக்காலத்தில் வேறில்லை எனலாம்.

இவ்வரவேற்பினை ஐயத்துடன் நோக்கியோரும் இருந்தனர். எளிய நாட்டார் பாடல்களுக்கு இரைச்சலாடை போர்த்தப்பட்டதே புதுமையெனக் கொண்டாடப்படுகின்றது என்பது ஒரு குறை. கம்பனியால் மறுக்கப்பட்ட கதையே தொகுப்புக்குப் பாயிரமாக முன்னிற்க, விமரிசகர் நூலை விடுத்துப் பாயிரத்தையே போற்றினர் என்பது மற்றொரு குறை.

முதற்குறை வலுவற்றது. இரைச்சல் அங்கு அணியாக அன்றிப் பொருளாகவே வருகின்றது. தெளிவான இன்னிசையும் அதனைக் குலைக்கும் ஓசையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதிலேதான், சொல்ல விழைந்தும் சொல்ல இயலாத மனிதனின் நிலை புலப்படுகின்றது. ஓசையை நீக்கினால் அழகிய பாடல்கள் எஞ்சும், தொகுப்பு எஞ்சாது. 

இரண்டாவது குறை எளிதில் மறுக்கற்பாலதன்று. ‘கலைஞன் எதிர் கம்பனி’ என்னும் கதைக்கு விமரிசகர் ஆட்பட்டனர் என்பது மெய்யே. அதற்குக் காரணமும் உண்டு. கேட்போர் விமரிசகரை முந்திவிட்ட ஒரு காலத்தில், ‘இத்தொகுப்பு நன்று’ என்று கூறுவதனால் மாத்திரம் விமரிசகர் தம் பணியினை நியாயப்படுத்த இயலாது. கேட்போர் ஏலவே அறிந்த ஒன்றுக்கு ஒரு வரலாற்றுச் சட்டகத்தினை வழங்குதலே அவருக்கு எஞ்சிய பணி. மறுப்பின் கதை அச்சட்டகத்தினை ஆயத்தமாக அளித்தது. தீர்ப்பு வழங்குவோனாக இருந்த விமரிசகன் கதைசொல்லியாக மாறிய தருணம் இதுவெனில் அது மிகையாகாது.

6. கதையினுள் அடங்காதவர்

எந்த ஒரு நல்ல கதையும் சிலரைப் பெருக்கிக் காட்டிச் சிலரைச் சிறுமைப்படுத்தும். வில்கோவின் கதையும் இதற்கு விலக்கன்று. தொகுப்பு உருவான காலத்தினைச் சாம் ஜோன்ஸ் கறுப்பு வெள்ளைப் படமாகப் பதிந்து 2002இல் வெளியிட்டார். தொகுப்பின் முதற்பாடலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவ்விவரணப்படத்தில், இரு பாடல்களை இணைக்கும் சில விநாடி ஒலி குறித்து ட்வீடியும் பெனற்றும் நெடுநேரம் முரண்படும் காட்சி ஒன்றுண்டு. அற்பமெனத் தோன்றும் அவ்விவாதத்தினுள் தொகுப்பின் மீது எவருக்கு உரிமை என்னும் பெரும் பிணக்கு உறைந்திருந்தது. 2001ஆம் ஆண்டிலேயே பெனற் குழுவினின்றும் நீங்கினார்.

படத்தைக் கண்டோர் பலர் அவரை இடையூறு விளைத்தவராகவே நினைவுகூர்ந்தனர். கம்பனியுடனான போரில் ஒரு நாயகனைத் தேடிய விமரிசனம் ட்வீடியிடம் அவனைக் கண்டது. ஒலிக்கலவையின் சிறப்பினை ஓறூர்க்கிடம் கண்டது. பெரும்பாலான பாடல்களின் இணையாக்கியோனும், அவற்றின் ஒலியடுக்குகளுட் பலவற்றைப் பதிந்தவருமான பெனற்றுக்கு இவ்விரு தலைப்பிலும் இடமில்லாது போயிற்று. 2009ஆம் ஆண்டு மே மாதம் தமது 45ஆவது வயதில் அவர் காலமானார். 2022ஆம் ஆண்டு தொகுப்பின் இருபதாவது ஆண்டினையொட்டிப் பழைய ஒலிப்பதிவுகளும் மாற்றுவடிவங்களும் சேர்த்து விரிவான பதிப்பொன்று வெளியிடப்பட்டது. ஒரே பாடல் எத்தனை வடிவங்களூடாகக் கடந்து வந்தது என்பதனை அதிலே கேட்போர், இத்தொகுப்பு ஒருவரது உள்ளொளியின் விளைவன்று, பலர் முரண்பட்டும் இணங்கியும் செய்த கூட்டுழைப்பின் விளைவு என்பதனை உணர்வர். அப்பதிப்பு 2023இல் சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருதினைப் பெற்றது.

7. முடிபு

காலம் கடந்தும் தொகுப்பின் மதிப்புக் குன்றவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் 500 தொகுப்புகள் பட்டியலில் 2012ஆம் ஆண்டு 493ஆம் இடத்திலிருந்த அது 2020ஆம் ஆண்டு 225ஆம் இடத்துக்கு உயர்ந்தது. இத்தகைய பட்டியல்கள் அறுதியான அளவுகோல்கள் ஆகா. ஆயினும், மறுப்பின் கதையினைச் செய்தித்தாளில் வாசித்திராத ஒரு புதிய தலைமுறையும் அத்தொகுப்பினைத் தேடிக் கேட்கின்றது என்பதற்கு அவ்வேற்றம் அறிகுறியாகும். பாயிரம் மறக்கப்பட்ட பின்னரும் நூல் வாசிக்கப்படுமாயின், விமரிசகர் போற்றியது பாயிரத்தை மாத்திரமே என்னும் குற்றச்சாட்டு தன் வலுவினை இழக்கின்றது.

தீர்ப்பு வழங்கியோரின் நிலை அத்துணை உறுதியாக அமையவில்லை. வரலாற்றிலேயே மிகப்பெரியது எனப் பேசப்பட்ட அமெரிக்கா ஒன்லைன், டைம் வோணர் இணைப்பு 2009இல் முறிவுற்றது. ‘வில்லேஜ் வொய்ஸ்’ 2018இல் மூடப்பட்டது. 2021இல் அது மீளத் தொடங்கப்பெற்றபோதிலும் முன்னைய செல்வாக்கினை மீட்கவில்லை. தனிமனித முயற்சியாகத் தொடங்கிய ‘பிச்ஃபோர்க்’ 2015இல் கொண்டே நாஸ்ற் என்னும் பெருஞ்சஞ்சிகை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனம் அதனைத் தன் ஆடவர் சஞ்சிகையொன்றின் கீழ் அமைத்து ஊழியர் சிலரையும் நீக்கிற்று. 2001இல் ரிப்ரைஸ் நிறுவனத்தில் நிகழ்ந்ததே இருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் விமரிசன ஏட்டிலும் நிகழ்ந்தது. வில்கோவோ 2011இல் தனக்கெனச் சொந்த வெளியீட்டு நிறுவனம் ஒன்றினை அமைத்துக்கொண்டது. பெயரளவில் மாத்திரம் சுயாதீனமாக இருந்த குழு, பெயருக்குரிய பொருளினைப் பதினேழாவது ஆண்டிலேதான் எய்திற்று.

மதிப்பிடும் உரிமை எவருக்குரியது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு எளிய விடை எதனையும் தரவில்லை. கம்பனி தவறியது, ஆனால் அதே கம்பனியின் மறுகரமே தொகுப்பினைக் கடைக்குக் கொணர்ந்தது. கேட்போர் முந்தினர்; ஆனால் அவர்களது காதினை அவர்கள் விரும்பாத ஒரு பேரழிவு மாற்றியிருந்தது. விமரிசகர் போற்றினர், ஆனால் போற்றும்போதே ஒருவரை மறந்தனர். மூவருள் எவரது தீர்ப்பும் தனித்து நிற்கவில்லை. அவ்வாறாயினும் ஒன்று தெளிவு. கூட்டுவோரும் குறைப்போரும் அற்ற ஓர் அறையில், எவர் கேட்பார் என்பதறியாமல், ஒரே பாடலை மீண்டும் மீண்டும் கலைத்துக் கட்டிய சிலரின் உழைப்பே இத்தீர்ப்புகள் யாவற்றுக்கும் முற்பட்டது. விமரிசன வரலாறு எழுதப்புகுவோர் தீர்ப்புகளைத் தொகுப்பதோடு அமையாது, அவ்வுழைப்பினையும் அதில் பங்குகொண்ட அனைவரையும் தம் ஏட்டில் சேர்த்தல் கடனாகும்.